கார்டு எந்தக் கட்டத்தில் தொலைகிறது? நெட்வொர்க் வழி பூட் ஆகும் தின் கிளையன்ட்களில் பழுது பார்த்தல்

ஹார்டு டிஸ்க் இல்லாத தின் கிளையன்ட் கணினிக்கு இயங்குதளம், பயனரின் கோப்புகள், அச்சிட வேண்டிய பக்கம் எல்லாமே நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் வந்து போக வேண்டும். சாதாரணக் கணினியில் கார்டு வேலை செய்யாவிட்டால் இணையம் மட்டும் கிடைக்காது. மற்ற வேலைகள் நடக்கும். தின் கிளையன்டில் கார்டு பிடிபடாவிட்டால் கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகளோடு எல்லாம் நின்றுவிடும்.

இந்தப் பழுதில் பலரைக் குழப்புவது ஒரு முரண்பாடு. கிளையன்ட் ஐபி முகவரி வாங்கியிருக்கும். சர்வரிலிருந்து கெர்னல் முழுவதுமாக இறங்கியிருக்கும். அடுத்த சில விநாடிகளில் 'நெட்வொர்க் சாதனம் எதுவும் இல்லை' என்று அதே கிளையன்ட் சொல்லும். சற்று முன்வரை பல மெகாபைட்டுகளை இறக்கித் தந்த கார்டு எப்படி இல்லாமல் போகும்? கார்டு எங்கும் போகவில்லை. அதைக் கையாளும் நிரல் மாறிவிட்டது. புதிதாக வந்த நிரலுக்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை.

ஒரே கார்டு, நான்கு முறை தேடல்

நெட்வொர்க் பூட்டில் நான்கு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்டின் பொறுப்பை ஏற்கின்றன. சில நிரல்கள் கார்டைத் தாமே தேடிப் பிடித்து, தங்கள் டிரைவரால் இயக்குகின்றன; சில முந்தைய நிரலின் டிரைவரையே பயன்படுத்துகின்றன.

முதல் கட்டம் ஃபர்ம்வேர். மதர்போர்டின் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐயில் உள்ள பிஎக்ஸ்இ நிரல் கார்டை எழுப்பி, டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்டு, டிஎஃப்டிபி வழியாக பூட் கோப்பை இறக்குகிறது. பிஎக்ஸ்இ என்பது இன்டெல் வகுத்த முறை. இன்றும் புழக்கத்தில் உள்ள அதன் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வெளியானது.

இரண்டாம் கட்டம் பூட் லோடர். பிஎக்ஸ்இலினக்ஸ், ஐபிஎக்ஸ்இ, கிரப் ஆகியவற்றில் ஒன்று பொறுப்பேற்று மெனுவைக் காட்டி, கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் இறக்குகிறது.

மூன்றாம் கட்டம் கெர்னல். ஃபர்ம்வேரின் டிரைவரை லினக்ஸ் கெர்னல் பயன்படுத்துவதில்லை. இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள் இருக்கும் மாட்யூல்களிலிருந்து தனக்கான டிரைவரை ஏற்றி, மீண்டும் ஐபி முகவரி பெற்று, சர்வரிலுள்ள ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்கிறது.

நான்காம் கட்டம் முழு இயங்குதளம். ரூட் மவுன்ட் ஆன பிறகு நெட்வொர்க்மேனேஜர் போன்ற சேவைகள் அதே கார்டைத் தங்கள் வசம் எடுக்க முயலலாம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1999இல் ஜிம் மெக்குவிலன் தொடங்கிய எல்டிஎஸ்பி என்னும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டத்தின் ஆரம்பப் பதிப்புகளிலும் இது இருந்தது. பிசிஐ கார்டுகளின் அடையாள எண்ணை வைத்து உரிய மாட்யூலைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியல் அதில் இருந்தது. பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு அடையாள எண் கிடையாது. அதனால் டிஎச்சிபி சர்வரின் 128, 129 ஆப்ஷன்கள் வழியாக கார்டின் டிரைவர் பெயரையும் அதன் ஐஓ முகவரியையும் நிர்வாகியே கையால் எழுதித் தர வேண்டியிருந்தது. இன்று பட்டியலைக் கெர்னலே வைத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத கார்டும், பட்டியலில் இருந்தும் மாட்யூல் உடன் வராத கார்டும் இன்றும் உண்டு.

ஆகவே பழுது பார்ப்பதில் முதல் வேலை, கார்டு எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று கண்டுபிடிப்பது. அதைச் செய்யாமல் கேபிளையும் சுவிட்சையும் சர்வரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நேரம்தான் போகும்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: பழுது ஒரு கிளையன்டிலா, ஒரே மாடலைச் சேர்ந்த எல்லாவற்றிலுமா, அறை முழுவதுமா? ஒரு கிளையன்ட் மட்டும் என்றால் கேபிள், சுவிட்ச் போர்ட், கார்டு, அந்தக் கணினியின் பயாஸ் அமைப்பு ஆகியவற்றில் ஒன்று. ஒரு மாடல் முழுவதும் என்றால் டிரைவர், ஃபர்ம்வேர் கோப்பு, யூஇஎஃப்ஐ வகை ஆகியவற்றில் ஒன்று. எல்லாக் கிளையன்ட்களும் நின்றிருந்தால் சர்வரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். கிளையன்டின் கார்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: திரையில் கடைசியாக நின்ற வரி எது? பூட் செய்திகள் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். கெர்னல் வரிகள் தெரியாமல் லோகோ மட்டும் காட்டும் அமைப்பாக இருந்தால், பூட் மெனுவின் கெர்னல் வரியிலிருந்து 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் நீக்கிவிட வேண்டும்.

கடைசி வரியிலிருந்து கட்டத்தை இப்படி அறியலாம்:

• 'பிஎக்ஸ்இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்': முதல் கட்டம். ஃபர்ம்வேர் கார்டைக் கண்டுவிட்டது; லிங்க் கிடைக்கவில்லை.

• 'பிஎக்ஸ்இ-இ51' அல்லது யூஇஎஃப்ஐ கணினிகளில் 'பிஎக்ஸ்இ-இ16': முதல் கட்டம். கார்டு வேலை செய்கிறது. டிஎச்சிபி பதில் வரவில்லை.

• 'பிஎக்ஸ்இ-இ53': ஐபி முகவரி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை. சர்வர் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

• 'பிஎக்ஸ்இ-இ32': டிஎஃப்டிபி சர்வர் பதில் தரவில்லை. சேவை ஓடுகிறதா, ஃபயர்வால் 69ஆம் போர்ட்டை மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• 'நோ மோர் நெட்வொர்க் டிவைசஸ்': இரண்டாம் கட்டம். ஐபிஎக்ஸ்இ தன்னிடமிருந்த எல்லாக் கார்டுகளையும் முயன்று கைவிட்டுவிட்டது.

• 'ஐபிகான்ஃபிக்: நோ டிவைசஸ் டு கான்ஃபிகர்': மூன்றாம் கட்டம். கெர்னலுக்குக் கார்டு தெரியவில்லை.

• 'என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்': நான்காம் கட்டம். ரூட் மவுன்ட் ஆன பிறகு இணைப்பு அறுந்தது.

முதல் கட்டம்: ஃபர்ம்வேர்

பிஎக்ஸ்இ வரியே திரையில் வராவிட்டால், கார்டு பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது நெட்வொர்க் பூட் அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். பயாஸில் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். 'ஆன்போர்டு லேன்' என்பது கார்டையே இயக்குவது. 'லேன் பூட் ரோம்' அல்லது 'பிஎக்ஸ்இ ஆப்ரோம்' என்பது பூட் நிரலை இயக்குவது. முதலாவது மட்டும் இயங்கினால் பென்டிரைவிலிருந்து ஏற்றிய லினக்ஸில் கார்டு நன்றாக வேலை செய்யும். நெட்வொர்க் பூட் மட்டும் நடக்காது. யூஇஎஃப்ஐ கணினிகளில் 'நெட்வொர்க் ஸ்டாக்' என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். பயாஸ் பேட்டரி தீர்ந்த பழைய கிளையன்ட்களில் இந்த அமைப்புகள் தாமாகவே ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். ஒருமுறை சரிசெய்த கணினி சில நாளில் மீண்டும் அதே பழுதோடு வந்தால் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இ61 வந்தால் கார்டின் விளக்கைப் பார்ப்பது முதல் வேலை. விளக்கு எரியவில்லை என்றால் நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் கிளையன்டின் கேபிளைக் கழற்றி இதில் செருகிப் பார்க்கலாம். கேபிளும் சுவிட்ச் போர்ட்டும் ஒரே சோதனையில் தெளிவாகிவிடும். அப்போதும் விளக்கு எரியாவிட்டால் கிளையன்டை அணைத்து, மின்கேபிளையே பிடுங்கி, அரை நிமிடம் விட்டு மீண்டும் செருக வேண்டும். பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலும், கணினியைத் தொலைவிலிருந்து எழுப்பும் வசதிக்காகக் கார்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். முன்பு ஓடிய இயங்குதளம் கார்டைத் தூக்க நிலையில் விட்டிருந்தால், மின்சாரம் முழுவதும் போனால்தான் அது விழிக்கும். ரியல்டெக் கார்டுகளில் இது பலமுறை காணப்பட்ட குணம்.

இ51 அல்லது இ16 வந்தால் கார்டைக் குற்றம் சொல்லக் கூடாது. கார்டு கேள்வியை அனுப்பிவிட்டது, பதில்தான் வரவில்லை. கேள்வி சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சர்வரில் டிசிபிடம்ப் கட்டளையை 67, 68 போர்ட்டுகளைக் கவனிக்கும்படி ஓட்டிப் பார்க்கலாம். கிளையன்டின் மேக் முகவரியோடு டிஸ்கவர் பாக்கெட் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. டிஎச்சிபி அமைப்பைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டே தெரியாவிட்டால் இடையில் உள்ள சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சில் அடிக்கடி சிக்குவது ஸ்பானிங் ட்ரீ. மேலாண்மை வசதியுள்ள சுவிட்சில் ஒரு போர்ட்டில் லிங்க் வந்ததும், சுற்றுப்பாதை ஏதும் உண்டா என்று சோதிக்க அது 15 விநாடி கேட்டும் 15 விநாடி கற்றும் மொத்தம் 30 விநாடி போர்ட்டை மூடியே வைத்திருக்கும். விளக்கு எரியும், பாக்கெட் போகாது. பிஎக்ஸ்இ விதிப்படி டிஎச்சிபி கேள்விக்கு 4, 8, 16, 32 விநாடிகள் என்று காத்திருக்க வேண்டும் என்றாலும், சில ஃபர்ம்வேர்கள் அதற்கு முன்பே கைவிடுகின்றன. மேலும் ஃபர்ம்வேரிலிருந்து பூட் லோடருக்கும் அங்கிருந்து கெர்னலுக்கும் கைமாறும்போது கார்டு மறுதொடக்கம் ஆனால் லிங்க் ஒரு கணம் அறுந்து திரும்பும். 30 விநாடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே முதல் கட்டத்தில் தப்பித்த கிளையன்ட் மூன்றாம் கட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். கிளையன்ட் இணைந்த போர்ட்களில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பை இயக்கினால் தீரும். உடனே சோதித்துப் பார்க்க இன்னொரு வழி உண்டு: மேலாண்மை வசதியில்லாத ஒரு சின்ன சுவிட்சைக் கிளையன்டுக்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவே வைத்தால், கிளையன்டின் லிங்க் அறுந்தாலும் பெரிய சுவிட்சின் போர்ட் அறியாது. அப்போது பூட் ஆகிவிட்டால் காரணம் உறுதி.

இரண்டாம் கட்டம்: பூட் லோடர்

இங்கே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் தவறான கோப்பு அனுப்பப்படுவது. பழைய பயாஸ் கணினிக்கு ஒரு கோப்பு, யூஇஎஃப்ஐ கணினிக்கு வேறு கோப்பு. கிளையன்ட் எந்த வகை என்பதை அதுவே டிஎச்சிபி ஆப்ஷன் 93 வழியாகச் சொல்கிறது: 0 என்றால் பயாஸ், 64 பிட் யூஇஎஃப்ஐ கணினிகள் பெரும்பாலும் 7 என்றும் சில 9 என்றும் சொல்கின்றன. சர்வர் இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் ஒரே கோப்பைக் கொடுத்தால், பழைய கிளையன்ட்கள் ஓடும். புதிதாக வாங்கியவை கோப்பை இறக்கியதும் மௌனமாகி பூட் மெனுவுக்குத் திரும்பிவிடும். டிஎன்எஸ்மாஸ்க் பயன்படுத்தும் சர்வரில் 'லாக்-டிஎச்சிபி' அமைப்பை இயக்கினால், பதிவில் ஒவ்வொரு கிளையன்டின் வகை எண்ணும் 'ஆர்ச்' என்ற சொல்லை அடுத்து எழுதப்படுகிறது. அதைப் பார்த்தே முடிவுக்கு வரலாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத பூட் கோப்பும் இதேபோல் நிராகரிக்கப்படும். சோதனைக்காக அதை அணைத்துப் பார்க்கலாம்.

ஐபிஎக்ஸ்இயைப் பொறுத்தவரை கார்டை அணுக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபர்ம்வேரின் டிரைவரையே இரவல் வாங்குவது. பயாஸ் கணினிகளில் 'அண்டிஒன்லி' என்ற கோப்பும் யூஇஎஃப்ஐயில் 'எஸ்என்பிஒன்லி' என்ற கோப்பும் இந்த வகை. மற்றொன்று, ஐபிஎக்ஸ்இக்குள்ளேயே இருக்கும் சொந்த டிரைவர்களால் இயக்குவது. புதிய கார்டுக்குச் சொந்த டிரைவர் இல்லாமல் போகலாம். அப்போது இரவல் வகை கைகொடுக்கும். சில மதர்போர்டுகளில் ஃபர்ம்வேரின் டிரைவரே குறையுள்ளதாக இருக்கும். அங்கே சொந்த டிரைவர் வகை ஓடும். ஒன்றில் நின்றால் மற்றொன்றைக் கொடுத்துப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி.

ஐபிஎக்ஸ்இ தொடங்கும்போது கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதன் கட்டளை வரி கிடைக்கும். அங்கே 'ஐஎஃப்ஸ்டாட்' என்று அடித்தால் கார்டின் பெயர், மேக் முகவரி, அதை இயக்கும் டிரைவர், லிங்க் நிலை, அனுப்பிய, பெற்ற பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை வரும். பட்டியல் வெறுமையாக இருந்தால் டிரைவர் இல்லை. லிங்க் 'டவுன்' என்றிருந்தால் கேபிளையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். லிங்க் 'அப்' என்றிருந்து, அனுப்பிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், பெற்ற எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் கார்டு சரி. ஸ்பானிங் ட்ரீயையோ வீலான் அமைப்பையோ பார்க்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்: கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும்

உண்மையான சிக்கல்கள் இங்கேதான் அதிகம். கெர்னல் கார்டைக் காணவில்லை என்றால் காரணம் நான்கில் ஒன்று: அந்தக் கெர்னலில் டிரைவரே இல்லை; டிரைவர் இருக்கிறது, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வரவில்லை; வந்திருக்கிறது, துணைக்கோப்பு இல்லாமல் இயங்கவில்லை; இயங்குகிறது, வேறு பெயரில் இருக்கிறது.

இவற்றைப் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சர்வரில் உள்ள அதே இயங்குதளத்தின் அதே பதிப்பை, அதே கெர்னலோடு, ஒரு பென்டிரைவிலிருந்து கிளையன்டில் ஏற்ற வேண்டும். அதில் கார்டு வேலை செய்தால் கெர்னலில் டிரைவர் இருக்கிறது, குறை இனிட்ராம்எஃப்எஸ்ஸில். அதிலும் வேலை செய்யாவிட்டால் கெர்னலோ ஃபர்ம்வேர் கோப்போ பழையது. பென்டிரைவிலிருந்து ஓடும்போதே டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என், என், கே என்ற எழுத்துகளோடு ஓட்டி, ஈதர்நெட் கன்ட்ரோலர் வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் தயாரிப்பாளர் எண், சாதன எண், இயங்கும் டிரைவரின் பெயர் மூன்றும் இருக்கும். உதாரணமாக, 8086:1502 என்றிருந்தால் இன்டெலின் 82579எல்எம் கார்டு, டிரைவர் இ1000இ. தயாரிப்பாளர் எண் 10இசி என்றிருந்தால் ரியல்டெக். சாதன எண் 8168 என்றால் டிரைவர் பெரும்பாலும் ஆர்8169.

பென்டிரைவ் இல்லாமலும் பார்க்கலாம். டெபியன், உபுண்டு வகைகளில் கெர்னல் வரியின் கடைசியில் 'பிரேக்' என்ற சொல்லைச் சேர்த்தால், ரூட் மவுன்ட் ஆகும் முன்பே கட்டளை வரி திறக்கும். அந்தச் சிறிய சூழலில் எல்எஸ்பிசிஐ இல்லாமல் போகலாம். 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'நெட்' என்ற அடைவைப் பட்டியலிட்டால் கெர்னல் கண்ட கார்டுகள் தெரியும். 'லோ' மட்டும் இருந்தால் ஒரு கார்டும் பிடிபடவில்லை. பிறகு 'சிஸ்' அடைவிலேயே 'பஸ்', 'பிசிஐ', 'டிவைசஸ்' என்று இறங்கினால் ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் ஓர் அடைவு இருக்கும். எதில் 'கிளாஸ்' கோப்பு 020000 என்று காட்டுகிறதோ அது ஈதர்நெட் கார்டு. அதன் 'யூஇவென்ட்' கோப்பைத் திறந்தால் அடையாள எண் தெரியும். 'டிரைவர்' என்ற வரியும் இருந்தால் மாட்யூல் ஏறிவிட்டது, இல்லையென்றால் ஏறவில்லை. மாட்யூலின் பெயர் தெரிந்தால் மாட்புரோப் கட்டளையால் கையாலேயே ஏற்றிப் பார்க்கலாம். ஏறி, கார்டு தோன்றினால் தானாகத் தேடும் வழியில் குறை. 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் கோப்பே உள்ளே இல்லை.

டிரைவரே இல்லாத கெர்னல். புதிய மதர்போர்டும் பழைய இயங்குதளமும் சேரும்போது இது நடக்கும். ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் கார்டான ஆர்டிஎல்8125க்கான ஆதரவு ஆர்8169 டிரைவரில் 5.4 கெர்னலில்தான் சேர்ந்தது; இன்டெலின் ஐ225 கார்டை இயக்கும் ஐஜிசி டிரைவர் 4.20இல் வந்தது. 4.15 கெர்னலோடு வெளியான உபுண்டு 18.04இல் இவை இரண்டும் பிடிபடாது. அதே பதிப்புக்குப் பின்னால் வந்த எச்டபிள்யூஇ 5.4 கெர்னலில் பிடிபடும். அடையாள எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஆதரவு உண்டு என்று நம்பவும் முடியாது. ரியல்டெக் 8168 என்ற ஒரே எண்ணில் பல தலைமுறைச் சில்லுகளை வெளியிட்டிருக்கிறது. கெர்னலுக்குத் தெரியாத தலைமுறையாக இருந்தால் ஆர்8169 ஏறும். 'அன்நோன் சிப் எக்ஸ்ஐடி' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கார்டைத் தொடாமல் விட்டுவிடும்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வராத டிரைவர். டெபியன், உபுண்டுவில் 'இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்' கோப்பிலுள்ள 'மாட்யூல்ஸ்' அமைப்பு எதை உள்ளே சேர்ப்பது என்று முடிவுசெய்கிறது. 'மோஸ்ட்' என்றால் பெரும்பாலானவை. 'டெப்' என்றால் கோப்பை உருவாக்கும் கணினிக்குத் தேவையானவை மட்டும். கிளையன்ட் இமேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினில் தயாரித்து 'டெப்' என்று வைத்திருந்தால், அந்த மெஷினின் போலிக் கார்டுக்கான டிரைவர் மட்டும் உள்ளே போகும். உண்மைக் கிளையன்ட் தவிக்கும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்க டிராகட் பயன்படுத்தும் இயங்குதளங்களில் 'ஹோஸ்ட்ஒன்லி' என்ற அமைப்பும் இதே விளைவைத் தரும். தீர்வு: அமைப்பை 'மோஸ்ட்' அல்லது 'நெட்பூட்' என்று மாற்றுவது, குறிப்பிட்ட மாட்யூல் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க, 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' அடைவிலுள்ள 'மாட்யூல்ஸ்' கோப்பில் அதன் பெயரைத் தனி வரியில் எழுதுவது, பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டுவது.

திருத்தியதோடு வேலை முடியாது. புதிய இனிட்ராம்எஃப்எஸ் உருவானது சர்வரின் 'பூட்' அடைவிலோ இமேஜுக்குள்ளோதான். கிளையன்டுக்குப் போவது டிஎஃப்டிபி அடைவில் உள்ள பிரதி. எல்டிஎஸ்பியில் இமேஜைப் புதுப்பித்து, 'எல்டிஎஸ்பி கெர்னல்' கட்டளையால் பிரதியையும் புதுப்பிக்க வேண்டும். டிஎஃப்டிபி அடைவில் உள்ள கோப்பின் தேதியும் நேரமும் இன்றையவையா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருந்தால் ஒரு மாட்யூலும் ஏறாது, எல்லா மாடல்களும் ஒரே நாளில் நின்றுவிடும். கிளையன்டின் கட்டளை வரியில் யூநேம் காட்டும் பதிப்பு எண்ணும், 'லிப்' அடைவில் 'மாட்யூல்ஸ்' என்பதற்குள் உள்ள அடைவின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்.

துணை இல்லாமல் இயங்காத டிரைவர். சில டிரைவர்களுக்குச் சில்லில் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பும் தேவை. பிராட்காமின் பிஎன்எக்ஸ்2 கார்டு அது இல்லாமல் எழாது. ரியல்டெக் கார்டுகள் பல எழுந்துகொண்டாலும் லிங்க் நிலையாக நிற்காமல் போகலாம். கெர்னல் பதிவில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லோடு -2 என்ற எண் வந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். உபுண்டுவில் இக்கோப்புகள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியில் உள்ளன. டெபியனில் ரியல்டெக்குக்குத் தனிப் பொதி; 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற பிரிவில் இருக்கிறது. பொதியை நிறுவிய பிறகும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால்தான் கோப்பு உள்ளே போகும்.

இன்னொரு துணை, கேபிளோடு நேரடியாகப் பேசும் பிஎச்ஒய் என்ற சில்லுப் பகுதிக்கான டிரைவர். ஆர்8169க்கு 'ரியல்டெக்' என்ற தனி மாட்யூலும், பிராட்காமின் டிஜி3க்குச் சில கார்டுகளில் 'பிராட்காம்' என்ற மாட்யூலும் தேவை. முதன்மை டிரைவரை மட்டும் கையால் சேர்த்தவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

ஓர் ஆய்வகத்தில் இது எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். இன்டெல் கார்டுள்ள பழைய கிளையன்ட்கள் ஓடுகின்றன. ரியல்டெக் கார்டுள்ள புதியவை எல்லாம் 'நோ டிவைசஸ் டு கான்ஃபிகர்' என்று நிற்கின்றன. ஒரே மாடல் முழுவதும் நிற்பதால் கேபிளும் சுவிட்சும் கணக்கில் இல்லை. கெர்னல் வரை வந்துவிட்டதால் முதல் இரண்டு கட்டங்களும் இல்லை. 'பிரேக்' சொல்லைச் சேர்த்துக் கட்டளை வரிக்குள் போனால் 'நெட்' அடைவில் 'லோ' மட்டும் இருக்கிறது. மாட்புரோப்பால் ஆர்8169ஐ ஏற்றினால் அது பிழையில்லாமல் ஏறுகிறது. கார்டு மட்டும் வரவில்லை. டிமெசேஜ் கட்டளையால் கெர்னல் பதிவின் கடைசி வரிகளைப் பார்த்தால், இந்தப் பிஎச்ஒய் எண்ணுக்கு உரிய டிரைவர் இல்லை, ரியல்டெக் மாட்யூலை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்று கெர்னலே எழுதியிருக்கிறது. 'மாட்யூல்ஸ்' கோப்பில் 'ரியல்டெக்' என்ற வரியை ஆர்8169க்கு மேலே சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கி, டிஎஃப்டிபி பிரதியைப் புதுப்பித்தால் கிளையன்ட் எழுந்துவிடும்.

ரியல்டெக்கிலேயே இன்னொரு பொறி உண்டு. தயாரிப்பாளரின் ஆர்8168 டிரைவரை, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி உருவாக்கும் டிகேஎம்எஸ் பொதியாக நிறுவினால், அது ஆர்8169ஐத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, புதிய கெர்னலுக்கு ஆர்8168 உருவாகாமல் போனால் இரண்டுமே இல்லாத நிலை வரும். கட்டாயக் காரணம் இல்லாவிட்டால் அந்தப் பொதியை நீக்கி, கெர்னலோடு வரும் டிரைவரையே பயன்படுத்துவது பராமரிப்புக்கு எளிது.

பெயர் மாறிய கார்டு. 2013இல் வந்த சிஸ்டம்டி 197 முதல், ஈதர்நெட் கார்டுகள் 'எத்0' என்பதற்குப் பதிலாக அவை செருகப்பட்ட இடத்தைக் குறிக்கும் பெயர்களைப் பெறுகின்றன. பழைய கெர்னல் வரியிலோ அமைப்புக் கோப்பிலோ 'எத்0' என்று எழுதப்பட்டிருந்தால், கார்டு இருந்தும் 'சாதனம் இல்லை' என்ற செய்தி வரும். கெர்னல் வரியில் 'நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0' என்று சேர்த்தால் பழைய பெயர் திரும்பும். இரண்டு கார்டுகள் உள்ள கிளையன்டில் பெயரை நம்புவதே தவறு. எது முதலில் எழும் என்பதற்கு உறுதி இல்லை. பிஎக்ஸ்இலினக்ஸ் மெனுவில் 'ஐபிஅப்பெண்ட் 2' என்ற வரியைச் சேர்த்தால், எந்தக் கார்டு வழியாக பூட் ஆனதோ அதன் மேக் முகவரி 'பூட்ஐஎஃப்' என்ற பெயரில் கெர்னலுக்குப் போய்ச் சேரும். இனிட்ராம்எஃப்எஸ் அந்தக் கார்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

நான்காம் கட்டம்: முழு இயங்குதளம்

லாகின் திரை வரும் நேரத்தில் எல்லாம் உறைந்து, என்எஃப்எஸ் சர்வர் பதில் தரவில்லை என்ற வரி வந்தால், கார்டு மூன்றாம் கட்டத்தைக் கடந்துவிட்டது. நெட்வொர்க்மேனேஜரோ வேறொரு சேவையோ கார்டை இறக்கி மீண்டும் ஏற்ற முயன்றிருக்கலாம். ரூட் கோப்பு முறைமையே அந்தக் கார்டு வழியாக வருவதால், இறக்கிய கணத்தில் மீண்டும் ஏற்றுவதற்கான நிரலையும் படிக்க முடியாது. பூட் ஆன கார்டை 'நிர்வகிக்க வேண்டாதவை' பட்டியலில் சேர்ப்பது தீர்வு. எல்டிஎஸ்பி இதைத் தானே கவனித்துக்கொள்கிறது; கையால் கட்டிய அமைப்புகளில் நிர்வாகிதான் செய்ய வேண்டும்.

எந்தச் சேவையும் தொடாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால் மின்சிக்கன வசதியைச் சந்தேகிக்கலாம். கார்டும் சுவிட்சும் ஓய்வு நேரத்தில் மின்சாரத்தைக் குறைக்கும் இஇஇ முறையில் ஒத்துப்போகாத சேர்க்கைகள் உண்டு. ஈத்டூல் கட்டளையால் கிளையன்டிலோ, சுவிட்ச் அமைப்பிலோ அதை அணைத்துப் பார்க்க வேண்டும்.

கார்டை மாற்றுவதும் புதிதாக வாங்குவதும்

மேலே சொன்ன எதற்கும் வழிக்கு வராத கார்டை மாற்றுவதே சிக்கனம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் உள்ள கிளையன்டில் பழகிய ஒரு இன்டெல் கார்டைச் செருகி, அதன் பூட் ரோமைப் பயாஸில் இயக்கலாம். இடம் இல்லாத சிறு பெட்டிகளில் யூஎஸ்பி லேன் அடாப்டர் நல்ல வழியாகத் தோன்றலாம். ஆனால் ஃபர்ம்வேர் அதை அறிந்திருந்தால்தான் முதல் கட்டம் நடக்கும், எல்லா ஃபர்ம்வேர்களும் அறிவதில்லை. வைஃபை வழியாக பிஎக்ஸ்இ பூட் செய்வது வழக்கமான கணினிகளில் நடைமுறையில் இல்லை. ஃபர்ம்வேரின் பூட் நிரல் மட்டும் கெட்டு, கார்டு நன்றாக இருக்கும் கணினிகளில், ஐபிஎக்ஸ்இயை ஒரு சிறிய பென்டிரைவில் எழுதி அதிலிருந்து தொடங்கலாம். அதன் சொந்த டிரைவர் கார்டை இயக்கிக்கொள்ளும். முதல் கட்டமே தேவைப்படாது.

புதிய கிளையன்ட்களை மொத்தமாக வாங்கும் முன், ஒன்றை மட்டும் வரவழைத்து நான்கு கட்டங்களையும் ஓட்டிப் பார்ப்பது செலவைக் காக்கும். ஒரே மாடல் பெயரில், தயாரிப்பாளர் இடையில் கார்டுச் சில்லை மாற்றியிருப்பதும் உண்டு. பெட்டி மேல் உள்ள பெயரைவிட எல்எஸ்பிசிஐ காட்டும் எண்ணே நம்பத்தக்கது. ஒவ்வொரு மாடலுக்கும் கார்டின் அடையாள எண், டிரைவர் பெயர், ஃபர்ம்வேர் பொதி, பயாஸா யூஇஎஃப்ஐயா என்ற விவரம், வேலை செய்த பூட் கோப்பு, வேலை செய்த கெர்னல் பதிப்பு ஆகிய ஆறையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சர்வரில் கெர்னலைப் புதுப்பிக்கும்போது முந்தைய கெர்னலையும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் டிஎஃப்டிபி அடைவில் வேறு பெயரில் விட்டுவைத்து, மெனுவில் இரண்டாவது வரியாகக் காட்டினால், புதியதில் ஏதேனும் ஒரு மாடலின் கார்டு தொலைந்தாலும் அந்தக் கிளையன்ட்கள் பழைய கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கும். பழுதை நிதானமாகப் பார்க்கலாம்.